காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தேடல்: பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவரைத் தேடித் தருமா?

பர்மாவுக்கோ மலேயாவுக்கோ பட்டாளத்தோடு போய்த் திரும்பாதவர் குடும்பத்தில் யாராவது இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது, இரு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் படையினரின் கல்லறைகளையும் பெயர்ப் பதிவுகளையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையத் தேடல். கட்டணம் இல்லை. ஆனால் பெயரைத் தட்டியதும் ஆள் வந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள்.

4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரை, 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை இறந்தவர்கள்தான் பட்டியலில் உண்டு. ஊர் திரும்பி, பென்ஷன் வாங்கி, 1960-களில் காலமானவரை இங்கே தேடுவது வீண்வேலை. அவருக்கு, பட்டாளத்திலிருந்து விலகும்போது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது பெயர்க் கட்டத்தில். குடும்பப்பெயர் கேட்கும் இடத்தில் அவருடைய சொந்தப் பெயரைப் போடுங்கள். முதற்பெயரைக் காலியாக விடுங்கள். இனிஷியல் வேண்டாம். எழுத்துக்கூட்டல் அன்றைய குமாஸ்தாவின் காதைப் பொறுத்தது: முனுசாமி ‘முனிசாமி’ ஆகியிருப்பார், சாமியில் ஒரு டபிள்யூ நுழைந்திருக்கும், கடைசி எழுத்து ஐ-யோ ஒய்-யோ. ஐந்தாறு விதமாகவாவது போட்டுப் பார்க்க வேண்டும். படை எண் (படையில் அவருக்குத் தந்த தனி எண்) கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. முதல் உலகப் போர்ப் பதக்கம் வீட்டில் இருந்தால் விளிம்பைப் பாருங்கள், எண்ணும் படைப்பிரிவும் பொறித்திருக்கும்.

அதுவும் இல்லையா? இந்திய ராணுவம், இறந்த ஆண்டு என்று வடிகட்டி, முடிவுகளை எக்செல்லில் இறக்கிக்கொண்டு ‘கூடுதல் தகவல்’ பகுதியில் அப்பா பெயரையும் ஊரையும் தேடுங்கள். திருநெல்வேலி அங்கே ‘டின்னெவெல்லி’ (Tinnevelly), திருச்சி ‘ட்ரிச்சினோபொலி’. பொறுமை வேண்டும், ஆனால் பலன் தரும் வழி இதுதான். எல்லாப் பதிவிலும் அப்பா பெயர் இராது. முதல் உலகப் போர்ப் பதிவுகள் பல வெறும் பெயரும் எண்ணும்தான்.

பதிவு கிடைத்தும் கல்லறை எண் இல்லாவிட்டால் தவறில்லை. தகனம் செய்யப்பட்டவர்களுக்கும் உடல் கிடைக்காதவர்களுக்கும் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டுமே இருக்கும். ரங்கூன் நினைவுச் சின்னத்தில் சுமார் 27,000 பெயர்கள். அந்தப் பதிவிலுள்ள பலகை எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அங்கே போனால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். சென்னை நந்தம்பாக்கம் கல்லறைத் தோட்டம் 1952-இல் அமைந்தது, இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே. கடற்கரைப் பக்கம் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்கு ஆட்டோ பிடித்துவிடாதீர்கள்.

பெயரே இல்லாமல் போகவும் வாய்ப்புண்டு. முதல் உலகப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களும் மத்தியக் கிழக்கினரும், பெயரால் நினைவுகூரப்படவில்லை என்று ஆணையத்தின் சிறப்புக் குழுவே 2021-இல் ஒப்புக்கொண்டது. எழுத்துப்பிழை மட்டும் என்றால் திருத்தம் கேட்டு எழுதலாம். அன்றைய ஆவணத்தின் நகலையும் கூடவே வையுங்கள், வாய்வழிச் செய்தி எடுபடாது.