காய்ச்சலுக்குச் சொட்டு மருந்தா, சிரப்பா?

இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால்தான். ஆனால் வழக்கமான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்குள் 100 மி.கி. அடங்கியிருக்கிறது, '125/5' என்று சீட்டில் எழுதித் தரும் சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி., அதாவது ஒரு மி.லி.க்கு 25 மி.கி. மட்டுமே.

அளவு எடையைப் பொறுத்தது. மருத்துவர் கிலோவுக்கு 15 மி.கி. என்று சொன்னால், 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி., சிரப்பில் 6 மி.லி.

ஒரு நள்ளிரவில் எங்கள் வீட்டில் சிரப் தீர்ந்துபோனது. அலமாரியில் கிடந்த சொட்டு மருந்தை, தூக்கக் கலக்கத்தில், அதே 6 மி.லி. என்று மூடியில் ஊற்றிவிட்டேன். லேபிளைப் பார்த்த மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போயிருந்தால் 600 மி.கி., நான்கு மடங்கு!

கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்துதான் வசதி. ஒன்றரை மி.லி.யைக் கன்னத்தோரம் விட்டால் விழுங்கிவிடும், 6 மி.லி. சிரப்பில் பாதி சட்டைக்குத்தான் போகும். வளர்ந்த பிள்ளைக்கு சிரப்பே என் தேர்வு. அளக்கும்போது அரை மி.லி. தவறினாலும் 12.5 மி.கி.தான் கூடும், சொட்டு மருந்தில் அதே தவறு 50 மி.கி. (சமையலறைக் கரண்டி இரண்டுக்கும் ஆகாது.) '250/5' சிரப்பும் கடையில் உண்டு, அதே 150 மி.கி.க்கு அதில் 3 மி.லி. போதும்.

இப்போது வீட்டில் ஒரு புட்டிதான். அதன்மேல் பிள்ளையின் எடையையும் மி.லி. அளவையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.