ஹோம்ஸ்டே நடத்துபவர்களே, புக்கிங் வெப்சைட் செய்து தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

கொடைக்கானலில் காட்டேஜ் காட்டேஜாக ஏறி இறங்கி ஆள் பிடித்த ஒரு வெப்சைட் கம்பெனி, இப்போது ஊட்டி, கோத்தகிரி பக்கம் போயிருப்பதாகக் கேள்வி. பெயர் போடவில்லை. அவர்கள் செய்த வேலையைச் சொல்கிறேன், நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

வில்பட்டி ரோட்டில் எங்கள் ஹோம்ஸ்டே. 2024 சீசனுக்காக 35,000 ரூபாய் கொடுத்து ஆன்லைன் புக்கிங் வைத்தோம். அதில் வந்த முதல் புக்கிங், திருப்பூர்க் குடும்பம் ஒன்று. எனக்கு வந்த தேதி மே 9. அன்று யாரும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. மறுநாள் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்த பிறகு, குழந்தை குட்டியோடு வந்து நிற்கிறார்கள். கம்பெனியைக் கேட்டால், "கெஸ்ட் தேதியைத் தப்பா போட்டிருப்பாங்க மேடம்" என்று பதில். ஆனால் மே 7 முதல் மலைக்கு வர இ-பாஸ் கட்டாயமாகியிருந்தது. அவர்கள் காட்டிய பாஸில் தெளிவாக மே 10. பாஸில் சரியாகப் போட்டவர் என் சைட்டில் மட்டும் தப்பாகப் போடுவாரா?

அப்புறம் 'டேட் மாட்யூல் அப்டேட்' என்று தனியாக 4,000 ரூபாய் வாங்கினார்கள். தேதி சரியாக வர ஆரம்பித்தது. டிசம்பரில் நியூஜெர்சியில் இருக்கும் ஒருவர் தன் அப்பா அம்மாவுக்கு 24க்கு அறை போட்டார். எனக்கு வந்தது 25! அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டிலோ 24தான்.

கோயம்புத்தூரில் ஐடியில் இருக்கும் என் அக்கா மகன் சைட்டின் கோடிங்கைத் திறந்து பார்த்துவிட்டு, "சித்தி, இதுக்கா நாலாயிரம்?" என்றான். காலண்டரில் மே 10ஐத் தொட்டால், சைட்டை ஓட்டும் புரோகிராம் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அதை அன்றைய நள்ளிரவு 12 மணியாக வைத்துக்கொள்கிறது. அதை எழுத்தாக்க இவர்கள் போட்டது 'டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்' என்ற கட்டளை. அது எப்போதும் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில்தான் தரும். நாம் யுடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அது மே 9 மாலை 6.30 ஆகிவிடுகிறது. நேரத்தை வெட்டிவிட்டு தேதியை மட்டும் எடுத்தால் மே 9. இந்தியாவில் யார் புக் செய்தாலும் இதே கதைதான். ஒருதரம்கூட டெஸ்ட் செய்யவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? நாலாயிரத்துக்குச் செய்த ரிப்பேர், எல்லாத் தேதியோடும் ஒரு நாளைக் கூட்டும் ஒரே ஒரு வரி. நியூஜெர்சி நள்ளிரவு யுடிசியில் அதே நாள் காலை 5 மணி. அங்கே நாள் குறைவதே இல்லை. அதோடும் ஒன்றைக் கூட்டினால் 25. அந்த 25ஐத் திரும்ப அவர் திரையில் காட்டும்போது, வெறும் தேதியை ஜாவாஸ்கிரிப்ட் யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்வதால் அங்கே 24 மாலை ஆகிவிடுகிறது. அவருக்குச் சரி, எனக்குத் தப்பு.

ஜாவாஸ்கிரிப்டில் மாதங்களை ஜனவரிக்கு 0, மே மாதத்துக்கு 4 என்று எண்ணுவார்களாம், 1995இல் ஜாவா என்ற இன்னொரு மொழியில் இருந்து அப்படியே எடுத்த வழக்கம். தேதி விஷயத்தில் அந்த மொழியே கொஞ்சம் கோணல்தான், சரி. ஆனால் இதெல்லாம் தொழில் தெரிந்தவர்களுக்குப் பழைய சங்கதி. தெரியாமல் செய்ததைக்கூட விட்டுவிடலாம். கெஸ்ட் மேல் பழி போட்டு, அதற்கும் பில் போட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. இப்போது கேட்டால் 'ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடுங்க, பார்க்கிறோம்' என்கிறார்கள்.

ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தவர்கள் பாக்கியைக் கொடுப்பதற்கு முன், போனில் டைம் ஸோனை நியூயார்க்குக்கு மாற்றி ஒரு புக்கிங், இந்தியாவுக்கு மாற்றி ஒரு புக்கிங் போடுங்கள். இரண்டிலும் நீங்கள் தொட்ட தேதியே உங்களுக்கு வரவேண்டும். 5/10 என்று காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அமெரிக்க ஆங்கிலம் வைத்த போனில் மே 10 அப்படித்தான் வரும், நாம் அதை அக்டோபர் 5 என்று படித்துவிடுவோம். '10 மே 2024' என்று மாதத்தை எழுத்தில் போடச் சொல்லுங்கள். அதற்கு ஜாவாஸ்கிரிப்டிலேயே வசதி இருக்கிறது, தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.