ஹாப்பீஸ் நம்பர் 9: கரிக்கு சூப்பர், செம்புக்கு சுமார்

துப்பாக்கி சுத்தம் பண்ண 1903ல வந்த சால்வென்ட் (அழுக்கை கரைக்கிற திரவம்), இன்னமும் வேட்டைக்காரங்க பையில கிடக்குன்னா சும்மா இல்ல. பேரல்ல படிஞ்ச கரிய நல்லா கரைக்குது, துணிய நனைச்சு பின்பக்கமா விட்டு கொஞ்ச நேரம் ஊறவிட்டு பிரஷ் போட்டா அடுத்த துணி கன்னங்கரேல்னு வெளிய வருது. குண்டோட செம்பு உறை பேரல்ல விட்டுட்டுப் போற படிவம்தான் லேசுல போகாது, ஒண்ணு பொறுமை வேணும் இல்லன்னா தனி காப்பர் சால்வென்ட் வாங்கணும். அப்புறம் வெண்கல பிரஷ் போடுறவங்க கவனிங்க, துணில வர்ற பச்சை நீலம் பிரஷ்லேர்ந்தே கூட வரும், அத பேரல்ல மிச்சமிருக்க செம்புன்னு நெனச்சு தேய்ச்சுக்கிட்டே இருக்காதீங்க, நைலான் பிரஷ்ல இந்த குழப்பமே இல்ல.

வாசனை எனக்கு புடிக்கும், வீட்ல இருக்கவங்களுக்கு தலைவலி.

ட்ரிகர் பக்கம் மட்டும் ஒழுக விட்றாதீங்க. கரைஞ்ச கரி உள்ள போய் பிசுபிசுன்னு ஒட்டி, குளிர்ல இறுகிடுச்சுன்னா சியர் (ட்ரிகர இழுக்குற வரைக்கும் சுடுற பாகத்த பிடிச்சு வைக்கிற கொக்கி) சரியா பிடிக்காது, அது விளையாட்டில்ல. அதனால குண்டு இல்லன்னு பாத்துட்டு, பேரல் முனைய கீழ சாய்ச்சு வச்சே துடைங்க. ட்ரிகர ரொம்ப லைட்டா செட் பண்ணி வச்சவங்களுக்கு இது டபுள் எச்சரிக்கை. ட்ரிகர இழுக்குற விசைல நான் மூணு, மூணரை பவுண்டு ஆளு, கிளவுஸ் போட்ட விரலுக்கு ரெண்டு பவுண்டுக்கு கீழன்னா வம்பு, அதெல்லாம் பெஞ்ச்ல உக்காந்து பேப்பர சுடுறவங்களுக்கு.

முடிச்சதும் காஞ்ச துணி விட்டு துடைங்க, எண்ணெய் மிச்சம் இருந்தா முதல் குண்டு வேற எடத்துக்கு போகும். 4 ஸ்டார்.