டி.என்.இ.ஏ. ஆன்லைன் கலந்தாய்வு: தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அம்மாவின் விமர்சனம்

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்து, அடுத்தது இன்ஜினியரிங்தான் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் இந்த விமர்சனம் உங்களுக்குத்தான். 2025-இல் என் மகள் டி.என்.இ.ஏ., அதாவது தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கைக் கலந்தாய்வு வழியாக அரசுக் கல்லூரியில் சேர்ந்தாள். நாங்கள் ராமேஸ்வரம் தீவுக்காரர்கள். அவள் அப்பா விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர், நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறேன், எங்கள் இரண்டு பேர் பக்கத்திலும் காலேஜ் வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை யாரையும் கெஞ்சாமல், யாருக்கும் கமிஷன் கொடுக்காமல் ஒரு சீட்டை வாங்க முடிந்தது என்பதற்காகவே இந்தச் சேவைக்கு 5-க்கு 4 கொடுக்கிறேன். அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பதையும் எழுதியிருக்கிறேன்.

முன்னால் இது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். 2018-க்கு முன்னால் எல்லா மாவட்டத்துக்காரர்களும் சென்னைக்குத்தான் போக வேண்டும். இங்கிருந்து ராத்திரி ரயில் ஏறி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் காத்துக் கிடந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்துக்குள் கல்லூரியையும் பிரிவையும் சொல்லிவிட்டு வர வேண்டும். அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்தே விண்ணப்பம் போடாமல் விட்டவர்கள் எங்கள் பக்கம் உண்டு. 2018-இல் ஆன்லைனுக்கு மாற்றினார்கள், 2019-லிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. இப்போது ஒரு போனும் ஒழுங்கான நெட்டும் இருந்தால் பாம்பன் பாலத்தைத் தாண்டாமலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250. 2025-இல் ரிசல்ட் வந்தது மே 8, பதிவு அதற்கு முந்தின நாளே திறந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது எப்படிப்பட்ட மாதம் என்று சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், கையில் காசு இருக்காது, ஆம்பளைகள் வீட்டிலேயே இருப்பார்கள். பரீட்சை முடிந்த பிள்ளையும் அதே வீட்டில் இருக்கும். அவள் போனை எடுத்தால் ஒரு பேச்சு, தூங்கினால் ஒரு பேச்சு, வர்றவன் போறவன் எல்லாம் "எவ்வளவு வரும்?" என்று கேட்டால் அதற்கு ஒரு பேச்சு. பரீட்சை நேரத்தில்கூட என் மகள் இவ்வளவு வாடவில்லை, இந்தக் காத்திருக்கும் இரண்டு மாதம்தான் அவளைப் பிழிந்து எடுத்தது. அதனால் முதல் யோசனை: இந்த இரண்டு மாதத்தில் பிள்ளையைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, சான்றிதழ் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் போட்டு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறி வர நாளாகும். ரிசல்ட் வந்த பிறகு ஊரே அங்கேதான் நிற்கும். பெற்றோர் ஓட வேண்டிய இடம் அது. மற்றதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சேவையில் எனக்கு ரொம்பப் பிடித்தது, எல்லாமே பிள்ளையின் பெயரில், பிள்ளையின் போன் நம்பரில் நடப்பதுதான். ஓ.டி.பி. அவளுக்குத்தான் வரும், ரேங்க் வந்ததும் அவளுக்குத்தான் தெரியும். சில வீடுகளில் அப்பா நம்பரைக் கொடுக்கிறார்கள், சில இடங்களில் இன்னும் மோசம், பிரவுசிங் சென்டர்க்காரர் தன்னுடைய நம்பரையே போட்டுவிடுகிறார். எங்கள் உறவில் ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆனது. ஒவ்வொரு தடவை லாகின் பண்ணவும் அந்தக் கடைக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது, கடை பூட்டியிருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தயவு செய்து பிள்ளையின் நம்பரையே கொடுங்கள், பாஸ்வேர்டைப் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும். பதினேழு பதினெட்டு வயதில் தன் சான்றிதழைத் தானே ஏற்றி, எங்கே என்ன பதிந்திருக்கிறோம் என்று தானே சரிபார்க்கப் பழகாத பிள்ளை ஹாஸ்டலில் போய் எப்படிச் சமாளிக்கும்?

கட் ஆஃப் கணக்கு எளிதுதான். கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. என் மகள் கணக்கில் 88, இயற்பியலில் 80, வேதியியலில் 84. அப்படியானால் 88, 40, 42, கூட்டினால் 170. அதற்குத் தகுந்தபடி ரேங்க் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பொது ரேங்க்கோடு 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கான ரேங்க்கும் தனியாக வரும். அந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசாங்கமே கட்டுகிறது. 2021-லிருந்து இன்ஜினியரிங்குக்கும் இது உண்டு. அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி. இன்ஜினியரிங் கல்லூரியில் சேரப் பணமில்லாமல் அவர் அக்கா நகையை அடகு வைத்த கதை இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த நிலைமை வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படிப்புச் சான்று வாங்கிச் சரியாக ஏற்றினால் போதும். எங்கள் தெருவிலேயே இதைத் தெரியாமல் தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்ட வட்டிக்கு வாங்கப் போனவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நினைத்துத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் போடுகிற ரேண்டம் நம்பர் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். ஒரே கட் ஆஃப் உள்ளவர்களைப் பிரிக்க முதலில் கணக்கு மார்க், அப்புறம் இயற்பியல், இப்படியே போய் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் கடைசியில்தான் அந்த நம்பரை எடுப்பார்கள். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி முக்கியமான இடம், விருப்பப் பட்டியல். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், வரம்பு இல்லை. ஆனால் வரிசைதான் உயிர். உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடக் கூடாது, வேண்டும் என்று நினைப்பதை மேலே போட வேண்டும். கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் கீழே உள்ளது போய்விடும் என்று நிறையப் பெற்றோர் நினைக்கிறார்கள், போகாது.

என் மகள் இதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருந்தாள். இடது பக்கம் கல்லூரிக் குறியீடு, பிரிவு, போன வருடம் எந்தக் கட் ஆஃபில் மூடியது. வலது பக்கம் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி சதவீதம். அந்தச் சதவீதம் குறைவாக இருந்த கல்லூரிகள் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. கட்டட விளம்பரம் பெரிதாகப் போடுகிற சில கல்லூரிகள் அந்தச் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தன. கிண்டிக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4 என்று குறியீடெல்லாம் மனப்பாடமாகச் சொன்னாள். நான் அந்த நோட்டை இரண்டு நாள் மிஷின் பக்கத்திலேயே வைத்துப் புரட்டினேன். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் இவ்வளவு வேலை பார்த்த பிள்ளையிடம் "நான் சொல்றதப் போடு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சண்டை இல்லாமல் இல்லை. எனக்குப் புல்லங்குடியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி முதலில் வர வேண்டும், ராமநாதபுரத்துக்குப் பக்கம், வாரா வாரம் வீட்டுக்கு வரலாம். அவளுக்குக் கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஜி.சி.டி., முதலில். "அம்மா, பக்கமா இருக்குன்னு சேந்தா நாலு வருசம் பஸ்லயே போயிரும்மா" என்றாள். உறவுக்காரர்கள் வேறு, கலாம் ஊர்ப் பிள்ளை ஏரோநாட்டிக்கல் எடுக்கலாமே என்றார்கள். கடைசியில் அவள் அப்பாதான் பேசினார். "நீ எங்க வேணா படி. நான் வந்து பாக்குற மாதிரி ஒரு வழி இருக்கணும், அவ்ளோதான்." 2022 டிசம்பரிலிருந்து தீவுக்குள் ரயிலே வராமல் கிடந்து, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு மறுபடி ரயில் ஓடுவது அவருக்குப் பெரிய தைரியம். புல்லங்குடி அவள் பட்டியலில் இருந்தது, ஆனால் மேலே இல்லை. இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் கொஞ்சம் உண்டு, ஆனால் பட்டியல் அவளுடையது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள் கொடுக்கிறார்கள். இதில் எங்கள் மாதிரி வீடுகளுக்கு ஒரு சிக்கல். தடைக்காலம் முடிந்து ஜூலையில் படகுகள் ஓடிக்கொண்டிருக்கும், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலையில்தான் கரை, கடலில் டவர் கிடைக்காது. எங்களுக்குக் காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் ஈ.ஈ.ஈ. (எலக்ட்ரிக்கல் பிரிவு) வந்தபோது அவள் அப்பா கடலில் இருந்தார். திரையில் ஆங்கிலத்தில் வரிசையாக வாய்ப்புகள். அக்செப்ட் அண்ட் ஜாயின் என்றால் இதுவே போதும், சேர்ந்துவிடுகிறேன். அக்செப்ட் அண்ட் அப்வர்ட் என்றால் இது என் கையில் இருக்கட்டும், என் பட்டியலில் இதற்கு மேலே உள்ளது காலியானால் அதைக் கொடுங்கள். மேலே கிடைக்காவிட்டால் இருக்கிற சீட் போகாது, ஆனால் சொன்ன நாளுக்குள் கலந்தாய்வு உதவி மையத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். டிக்ளைன் என்று தொடங்குவதெல்லாம் கையில் உள்ளதை விட்டுவிடுவது, நன்றாகத் தெரிந்தாலொழிய தொடாதீர்கள். நான் அப்பா வரட்டும் என்றேன். அவள் எனக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு, "அப்பா வந்தாலும் இதத்தாம்மா சொல்வாரு" என்று அப்வர்டைத் தேர்ந்தெடுத்தாள். மறுநாள் அவர் வந்ததும் முதல் வேலையாகச் சொன்னாள். "சீட்டு கையில இருக்குல்ல? அப்ப சரி" என்று குளிக்கப் போய்விட்டார். மேலே எதுவும் காலியாகவில்லை, காரைக்குடியே நின்றது. அவள் அதற்காக ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், அப்புறம் பெட்டி வாங்கப் போகலாமா என்று அவளே கேட்டாள்.

உதவி மையத்தைப் பற்றியும் நல்லபடியாகவே சொல்ல வேண்டும். வரிசை நீளம்தான், ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் பிள்ளையைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார்கள், என்னைப் பார்த்து இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் தனியார் கடைக்குப் போவதைவிட அங்கேயே போய் விண்ணப்பம் போடலாம், அதற்குத் தனியாகக் காசு கேட்பதில்லை.

இந்த நேரத்தில் ஏஜென்ட் போன்கள் வரும், நிறைய வரும். உங்கள் பிள்ளையின் பெயர், மார்க் எல்லாம் சொல்லி, இன்னும் இரண்டு சீட்தான் பாக்கி என்பார்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்தால் இடம் பிடித்து வைப்போம் என்பார்கள். கலந்தாய்வு முடியும்வரை ஒரிஜினலை யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.

சரி, அந்த ஒரு மார்க் ஏன் குறைத்தேன். கலந்தாய்வு சீட் மட்டும்தான் தருகிறது, ஹாஸ்டலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கட்டணத்தை அரசாங்கம் கட்டினாலும், அந்தக் கல்லூரியில் பெண்கள் விடுதியில் இடம் இருக்கிறதா, முதல் வருடத்துக்குக் கொடுப்பார்களா, இல்லாவிட்டால் வெளியே எங்கே தங்குவது என்பதெல்லாம் நாமே ஒவ்வொரு கல்லூரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தூரத்து ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு கட் ஆஃபைவிடப் பெரிய கேள்வி இதுதான். விருப்பப் பட்டியல் பக்கத்திலேயே கல்லூரிப் பெயருக்கு எதிரில் விடுதி உண்டா, எத்தனை இடம் என்று ஒரு கட்டம் போட்டால் எத்தனை அம்மாக்கள் தைரியமாகத் தலையாட்டுவார்கள். இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது, பட்டியலைப் பூட்டுவதற்கு முன்னாலேயே முதல் பத்து கல்லூரிக்காவது அலுவலக நேரத்தில் போன் போட்டு விடுதியைப் பற்றிக் கேட்டுவிடுவது. போனைப் பிள்ளையிடமே கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். முதல் போனில் என் மகளுக்குக் குரல் நடுங்கியது, மூன்றாவதில் மெஸ் சாப்பாட்டில் மீன் போடுவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.