180 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்குன பழைய ஆசிலாஸ்கோப், மூணு வருஷம் ஓட்டினதுக்கு அப்புறம்

நம்ம வேலை பினாங்குல பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில, ஆனா சனி ஞாயிறுன்னா ஆயர் ஈத்தாம் வீட்டுல ஆம்ப்ளிஃபயர், கீபோர்ட், மிக்ஸர்னு ரோசாக் ஆன, அதாவது கெட்டுப் போன சாமானைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருப்பேன். கோயில் மைக் செட்டு, உருமி மேளக்காரங்க ஆம்ப், எல்லாம் நம்மகிட்டதான் வரும். மல்டிமீட்டர் ஒண்ணையே வச்சு ரொம்ப வருஷம் சமாளிச்சாச்சு. ஸ்கோப்புன்னா ஆசிலாஸ்கோப், வோல்டேஜ் எப்படி ஏறி இறங்குதுன்னு ஸ்கிரீன்ல கோடா வரைஞ்சு காட்டும். முதல்ல டிஎஸ்ஓ138னு ஒரு ஸ்கோப் கிட் வாங்கி சால்டர் பண்ணேன், குட்டி சாமான், பார்க்க அழகா இருக்கும், ஆனா 200 கிலோஹெர்ட்ஸ்தான், அதாவது செகண்டுக்கு ரெண்டு லட்சம் சுத்து வரைக்கும்தான், ஒரே சேனல், ஒரு நேரத்துல ஒரு சிக்னல்தான் பார்க்கலாம். ஆடியோ பார்க்கலாம், அதுக்கு மேல ஆம்ப் உள்ள என்ன கூத்து நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது.

புதுசு வாங்க காசு இல்ல. ரிகோல் டிஎஸ்1054இசட்னு ஒரு டிஜிட்டல் ஸ்கோப் மேல கண்ணு, நாலு சேனல், 50 மெகாஹெர்ட்ஸ், ஆனா அந்த விலைய வீட்டுல சொன்னா சோறு கிடைக்காது. அதனால பழசு.

முதல் தடவை ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட 120 வெள்ளி கொடுத்து ஏமாந்தேன். ஃபோட்டோல பச்சைக் கோடு பளிச்சுன்னு இருந்துச்சு, வீட்டுக்கு வந்து போட்டாலும் கோடு வந்துச்சு, பத்து நிமிஷம் கழிச்சு மெதுவா மேல ஏறி ஸ்கிரீனை விட்டே போயிருச்சு. ஆஃப் பண்ணி ஆறவிட்டா திரும்ப வரும். மெசேஜ் போட்டேன், புளூ டிக் வந்துச்சு, பதில் வரல. அன்னைக்கு முடிவு பண்ணேன், அரை மணி நேரம் சூடேற விட்டுப் பார்க்காம ஒரு ஸ்கோப்பும் வாங்குறதில்ல.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில, ஸ்டேடியம் பக்கம், பழைய சப்பாத்து, ரைஸ் குக்கர் மூடிக்கு நடுவுல ஒரு ஹிட்டாச்சி வி-212 ஸ்கோப் கெடந்துச்சு. 20 மெகாஹெர்ட்ஸ், ரெண்டு சேனல், அனலாக். சீன அங்கிள் 250 சொன்னார். "அங்கிள், பிளக் போட்டுப் பார்க்கணும்"னேன். "இங்க கரண்ட் எங்க தம்பி, நல்லாத்தான் இருக்கு"ன்னார். அப்ப வேணாம்னு நடந்தேன். நாலு கடை தள்ளி வந்து பிடிச்சு, நாளைக்கு ஸ்டோருக்கு வா, அங்க போட்டுப் பாருன்னு சொல்லிட்டுப் போனார்.

மறுநாள் ஒரு பையில 10 எக்ஸ் ப்ரோப் (சிக்னலைத் தொட்டு எடுக்குற வயர், 1 எக்ஸ்ல வச்சா அப்படியே காட்டும், 10 எக்ஸ்ல வச்சா பத்துல ஒரு பங்காக்கும்), 9 வோல்ட் பேட்டரி, ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கிற பழைய ஃபோன், அதுக்கு வெட்டுன ஒரு வயர், இவ்வளவுதான் எடுத்துட்டுப் போனேன். முதல்ல பின்னாடி வோல்டேஜ் செலக்டரைப் பார்த்தேன், ஏன்னா ஜப்பான்ல ஓடின செட்டு 100 வோல்ட்ல நிக்கும், அப்படியே நம்ம 240-ல சொருகினா கதை அங்கயே முடிஞ்சிரும். பிளக்கைக் கழட்டி எர்த் வயர் இருக்கான்னும் பார்த்தேன், சிலர் வேணும்னே வெட்டி வச்சிருப்பாங்க, அது ஏன் தப்புன்னு கீழ சொல்றேன். மூக்கை வச்சு மோந்து பார்த்தேன், கருகின வாடை இல்ல, தூசி வாடைதான்.

ஆன் பண்ணி, கப்ளிங்கை கிரவுண்ட்ல (சிக்னல் உள்ள வராத மாதிரி) வச்சு, ட்ரிகரை ஆட்டோல (சிக்னல் இல்லன்னாலும் கோடு ஓடுற மாதிரி) வச்சதும் கோடு வந்துச்சு. ஃபோகஸ் திருப்பினா மெலிசாகணும், இன்டென்சிட்டியை பாதிக்கு மேல ஏத்தாமலே தெரியணும். முழுசா ஏத்தினாதான் தெரியுதுன்னா பிக்சர் ட்யூப் கிழவனாயிருச்சுன்னு அர்த்தம், அதை யாராலும் சரி பண்ண முடியாது. ஸ்கிரீன்ல டார்ச் அடிச்சு நடுவுல கருத்த கோடு, புள்ளி இருக்கான்னும் பார்த்தேன், பாஸ்பர், அதாவது ஸ்கிரீன் உள்பக்கம் ஒளிர்ற பூச்சு, எரிஞ்ச தழும்பு அது.

அடுத்து விரல். ப்ரோப் முனையைத் தொட்டா நம்ம உடம்பு பிடிக்கிற மெயின்ஸ் (வீட்டுக் கரண்ட்) இரைச்சல் அலையா வரும், 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுத்துக்கு 20 மில்லிசெகண்ட். டைம் நாபை கட்டத்துக்கு 5 மில்லிசெகண்ட்னு வச்சா ஒரு சுத்து சரியா நாலு கட்டம். வந்துச்சு. அப்புறம் பேட்டரி, ப்ரோப் 1 எக்ஸ்ல, டிசி கப்ளிங்ல (சிக்னலை அப்படியே உள்ள விடுறது), கட்டத்துக்கு 2 வோல்ட்னு வச்சா கோடு நாலரை கட்டம் எகிறணும், ரெண்டு சேனல்லயும் ஒரே மாதிரி. சின்ன நாப் கேல் பொசிஷன்ல (கட்டத்தோட அளவு சரியா நிக்கிற இடம்) லாக் ஆகியிருக்கணும், இல்லன்னா கணக்கு எல்லாம் தப்பா வரும், நல்ல செட்டைப் போய் கெட்டதுன்னு நினைச்சிருவோம். ஃபோன்ல 1 கிலோஹெர்ட்ஸ் டோன் போட்டு டைம் சைடை இன்னொரு தடவை பார்த்தேன். ஸ்கோப் முன்னாடியே கேலிப்ரேஷன் கொக்கி இருக்கு, ஆனா பழைய செட்டுல அதோட ஃப்ரீக்வென்சி அவ்வளவு கரெக்ட்டா இருக்காது, அது ப்ரோப் ட்ரிம் பண்றதுக்குத்தான், ஸ்கொயர் வேவோட மூலை தட்டையா வர்ற வரைக்கும் ப்ரோப்ல இருக்கிற குட்டி ஸ்க்ரூவைத் திருப்புவோமே, அதுக்கு. ஃபோன் கிரிஸ்டல்ல ஓடுது, அதைத்தான் நான் நம்புவேன்.

கடைசியா எல்லா நாபையும் ஒவ்வொரு ஸ்டெப்பா திருப்பி லேசா ஆட்டினேன். சேனல் 2, 50 மில்லிவோல்ட்ல, கோடு குதிச்சுச்சு, விரலால அமுக்கினா நின்னுச்சு. காண்டாக்ட் அழுக்கு, பெரிய வியாதி இல்ல, ஆனா மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கிட்டு "அங்கிள், இது ரோசாக்"னேன். நடுவுல அவர் தெ ஓ (பால் இல்லாத டீ) வாங்கிக் கொடுத்தார், முக்கால் மணி நேரம் ஓடிருச்சு, கோடு அசையல. 180-க்கு முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்த மறுவாரம் மூடியைத் திறந்து, ஒரு நாள் முழுக்க பிளக் இல்லாம வச்சிருந்துட்டுத்தான், ட்யூப் பக்கம் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல நிக்கும் விளையாடக் கூடாது, ஸ்விட்ச்சுக்கு காண்டாக்ட் கிளீனர் ரெண்டு சொட்டு. குதிக்கிறது நின்னுச்சு. கேஎல் போனப்ப புடு ஜாலான் பசார்ல ஒரு ஜோடி புது ப்ரோப் வாங்கினேன், 45 வெள்ளி. ஸ்கோப் விலையில கால்வாசி ப்ரோப்புக்கே போகும், பட்ஜெட் போடும்போது இதை மறந்துராதீங்க.

இப்ப மூணு வருஷக் கதை. அதுக்குப் போட்ட காசு ஒரே நாள்ல வந்துச்சு. தைப்பூசத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி தண்ணீர்ப்பந்தல்காரர் ஒருத்தர் ஆம்ப் கொண்டு வந்தார், "தம்பி, பாட்டே போடல, ஆனா ஹீட்சிங்க் தொட முடியல". மல்டிமீட்டர்ல எல்லா வோல்டேஜும் சரி. ஸ்கோப்பை அவுட்புட்ல வச்சா கோடு விரல் தடிமனுக்கு இருக்கு. டைம் நாபை அரை மைக்ரோசெகண்டுக்குக் கொண்டு போனதும் தடிமன் பிரிஞ்சு அழகான சைன் வேவ், ஒரு சுத்துக்கு ரெண்டு கட்டம், 1 மெகாஹெர்ட்ஸ். ஆம்ப் தனக்குத் தானே பாடிக்கிட்டு இருக்கு, நம்ம காதுக்கு மட்டும் கேக்கல. இப்படிப் பாடாம அடக்கி வைக்கிறதுக்காக அவுட்புட்ல கப்பாசிட்டரோட சேர்ந்து நிக்கிற 10 ஓம் ரெசிஸ்டர் கருகி ஓப்பன், உள்ள அறுந்து போச்சு. சில காசுக்கே கிடைக்கிற சாமான். அந்தக் குட்டி கிட்டுல இது தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது.

தொல்லையும் கொடுத்துச்சு. ஒரு நாள் கோடு வளைஞ்சு போச்சு, ட்யூப் போச்சுன்னு வயித்தைக் கலக்கிருச்சு, பார்த்தா பக்கத்துல 15 இன்ச் ஊஃபர், அதோட காந்தம் இழுக்குது, நகர்த்தினதும் சரி. ரெண்டாவது வருஷம் படார்னு ஒரு சத்தம், செத்துப் போச்சு, உள்ள பவர் சப்ளை போர்டு மேல ஒரு பல்லி கருவாடா கெடந்துச்சு. ஃபியூஸ் மாத்தி, ஆல்கஹால் போட்டுத் துடைச்சு, காத்து ஓட்டைக்கு உள்பக்கம் கொசுவலைத் துணி ஒட்டினேன். போன வருஷம் கோடு லேசா நெளிய ஆரம்பிச்சுது, 100 ஹெர்ட்ஸ், அப்படின்னா ரெக்டிஃபயருக்கு (ஏசியை டிசி ஆக்குறது) அடுத்த கப்பாசிட்டர் காஞ்சு போச்சு, மாத்தியாச்சு.

அந்த எர்த் விஷயம். ப்ரோப் கிளிப் நேரா எர்த் பின்னோட சேர்ந்தது. ஒரு ஸ்விட்ச்சிங் பவர் சப்ளையில, மெயின்ஸ் நேரா வர்ற பகுதியில தெரியாம அந்தக் கிளிப்பை மாட்டினேன், டப்புனு இஎல்சிபி (கரண்ட் கசிஞ்சா மெயினை ஆஃப் பண்ற ஸ்விட்ச்) விழுந்து வீடே இருட்டு. கூட வேலை செய்ற ஒருத்தன் "எர்த் பின்னை வெட்டிருடா மச்சான்"னான். வெட்டினா ஸ்கோப்போட பாடி முழுக்க கரண்ட் ஏறி நிக்கும், நாபைத் தொடுற கை நம்மளோடது. இப்ப ரெண்டு ப்ரோப்பும் 10 எக்ஸ்ல வச்சு, கிளிப் எதையும் மாட்டாம, சேனல் 2-வை இன்வர்ட் பண்ணி (தலைகீழாக்கி) ஆட்ல (ரெண்டையும் கூட்டுறது) போட்டுப் பார்க்குறேன், ரெண்டு முனைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தெரியும். 10 எக்ஸ்ல 5 வோல்ட் ஸ்டெப்புன்னா கட்டத்துக்கு 50 வோல்ட், மெயின்ஸ் ரெக்டிஃபை ஆனா 340 வோல்ட் கிட்ட, எட்டு கட்டத்துல ஏழு கட்டம், சரியா அடங்கும்.

ஒரு தடவை மட்டும் வந்துட்டுப் போற சிக்னலை இதுல பிடிக்க முடியாது, மெமரி இல்ல. மைக்ரோகண்ட்ரோலர் டேட்டா பார்க்குறவங்களுக்கு இது வேணவே வேணாம், ஒரு மலிவு யூஎஸ்பி லாஜிக் அனலைசரே (டிஜிட்டல் சிக்னலை கம்ப்யூட்டர்ல பதிவு பண்றது) போதும், நானே அதுக்கு அதைத்தான் வச்சிருக்கேன்.

போன மாசம் அங்கிள் கூப்பிட்டார், டிஜிட்டல் ஒண்ணு வந்திருக்கு, 300-ன்னு. பையைத் தூக்கிட்டுப் போனேன். இருபத்தஞ்சாவது நிமிஷம் ஸ்கிரீன் வெளுத்துப் போச்சு. தெ ஓ குடிச்சிட்டு வந்துட்டேன், இந்தத் தடவை காசு நான் கொடுத்தேன்.