பார்க்கர் 51: பழையதா, புதியதா?

1941-இல் விற்பனைக்கு வந்த பழைய பார்க்கர் 51-க்கும், 2021-இல் அதே பெயரில் மீண்டும் வந்த பேனாவுக்கும் இடையே தயங்குவோர் முதலில் முள்ளைப் பார்க்க வேண்டும்.

முள்: பழையதில் குழல் வடிவத் தங்க முள்ளை, மையைத் தேக்கும் நுண்மடிப்புகள் கொண்ட கலெக்டர் சூழ்ந்திருப்பதாலும், அதற்கு மேல் கூடு மூடியிருப்பதாலும், எழுதுவதை இடையில் நிறுத்தி யோசித்தாலும் மை எளிதில் உலர்வதில்லை, என் கருத்தில் இப்பேனாவின் உயிரே இதுதான். புதியதில் கூட்டின் தோற்றம் தொடர்கிறது, உள்ளமைப்பு வேறு. விலை குறைந்த வகையில் எஃகு முள்ளும், உயர்ந்த வகையில் 18 காரட் தங்க முள்ளும் உண்டு.

மூடி: பழையதை இழுத்தால் போதும், புதியதைத் திருக வேண்டும். அடிக்கடி குறிப்பெடுப்பவருக்குத் திருகு மூடி தொல்லைதான்.

மை நிரப்பல்: பழையதில் 1948 முதல் வந்த, அழுத்தி உறிஞ்சும் பை பல பேனாக்களில் இன்றும் பழுதின்றி இயங்குகிறது. புதியதில் கார்ட்ரிட்ஜ் (மை நிரப்பியே வரும் மாற்றுக் குழல்) அல்லது கன்வர்ட்டர் (புட்டியிலிருந்து மையை உறிஞ்சும், கழற்றக்கூடிய குழல்), கழுவுவது எளிது.

உத்தரவாதத்துடன் கடையில் வாங்க விரும்புபவருக்குப் புதியது ஏற்றது. நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதுபவர், பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் சரிபார்க்கப்பட்ட பழைய பேனாவையே தேடி வாங்கலாம்.