பிளாயா பிளாங்காவில் எட்டு நாள்

பினாங்கின் பத்து பெரிங்கியில் ஒரு கடற்கரை விடுதியில் 27 வருடம் அறை சுத்தம் செய்யும் பிரிவில் வேலை பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் வெயிலைத் தேடி அவ்வளவு தூரம் பறந்து வருவதைத் தினமும் பார்த்தவள். நான் ஒரு விருந்தாளியாகக் கடலோர ஊருக்குப் போய்த் தங்கியது இந்த வருடம்தான். ஊர் பெயர் பிளாயா பிளாங்கா. ஸ்பெயினைச் சேர்ந்த கேனரி தீவுகளில், லான்சரோத்தே என்ற எரிமலைத் தீவின் தெற்கு முனையில் இருக்கிறது. ஸ்பெயின் என்று பெயரே தவிர, ஆப்பிரிக்கக் கரைதான் அதற்குப் பக்கம்.

மகள் மான்செஸ்டரில் நர்ஸாக இருக்கிறாள். தைப்பூசம் முடிந்த மறுவாரம் நானும் என் வீட்டுக்காரரும் அவளிடம் போனோம். அங்கிருந்து மூன்று பேரும் லான்சரோத்தேக்குக் கிளம்பினோம். நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். மலேசியக் கடப்பிதழுக்கு அங்கே விசா வேண்டாம், 90 நாள் வரை இருக்கலாம். தரையிறங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் மரமே கண்ணில் படவில்லை. கறுப்பும் செம்மண் நிறமுமாக மலைகள், நடுவில் வெள்ளை வீடுகள். "இங்கே போய் எட்டு நாள் என்ன பண்றது?" என்று அவர் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

பதில் முதல் நாள் சாயங்காலமே கிடைத்துவிட்டது. இந்த ஊரில் கடலை ஒட்டியே நடைபாதை போகிறது. மேற்கே பெச்சிகேரா கலங்கரை விளக்கத்தில் தொடங்கி, ஃபிளமிங்கோ கடற்கரை, படகுத்துறை, ஊர் நடுவே இருக்கும் குட்டிக் கடற்கரை, தொராதா கடற்கரை, சொகுசுப் படகுகள் நிற்கும் மரினா ருபிகோன் எல்லாவற்றையும் தாண்டி, கிழக்கே லாஸ் கொலராதாஸ் என்ற பழைய காவல் கோபுரம் வரை நடக்கலாம். வழியில் எத்தனையோ பெரிய விடுதிகள் இருக்கின்றன. ஒன்றுகூடக் குறுக்கே வரவில்லை. எல்லாம் பாதைக்கு உள்பக்கம், கடல் பக்கம் நமக்கு. ஸ்பெயினில் கடற்கரை பொதுச்சொத்து என்று 1988-லேயே தனிச்சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள்.

இதை நான் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. பத்து பெரிங்கியில் சாலையில் நடந்தால் விடுதிச் சுவர்தான் தெரியும். மணலுக்குப் போக ஏதாவது ஒரு சந்து இருக்கிறதா என்று தேட வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் கடலுக்கு நேராக இருந்த புல்வெளியில் நாங்கள் சீருடையோடு நிற்கக் கூடாது என்று விதி இருந்தது. 27 வருடமும் என் கடல் துணிக்கிடங்கு ஜன்னல் வழியாகப் பார்த்த கடல்தான். பிளாயா பிளாங்காவில் முழங்கால் தேய்ந்த என் வீட்டுக்காரர் கைத்தடியோடு தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடந்தார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் இந்த வருடம் ஏற முடியாமல் அடிவாரத்திலேயே உட்கார்ந்திருந்த மனிதர். முக்கியமான பகுதிகளில் பாதை சமதளம், உட்கார அங்கங்கே பெஞ்சு. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே ஃபுவேர்த்தேவெந்தூரா தீவும், அதன் முன்னால் லோபோஸ் என்ற சின்னத் தீவும் தெரியும். நம்ம பக்கத்தில் வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஜெராய் மலை தெரிவது மாதிரி.

இன்னொன்று, ஊரில் அடுக்குமாடிகள் இல்லை. தஞ்சோங் தொக்கோங் பக்கம் எழும்பி நிற்கும் கட்டடங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதலில் விளங்கவில்லை, ஏதோ திறந்த மாதிரி இருக்கிறதே என்றுதான் தோன்றியது. இதற்குக் காரணம் சேசார் மன்ரிக்கே என்ற ஓவியர். 1919-ல் அந்தத் தீவிலேயே பிறந்தவர். நியூயார்க்கில் வாழ்ந்துவிட்டு 1960களில் ஊர் திரும்பினார். சுற்றுலா வரட்டும், ஆனால் கட்டடம் தாழ்வாக, வெள்ளைச் சுவரும் பச்சைக் கதவுமாக இருக்கட்டும், சாலையோரம் விளம்பரப் பலகை வேண்டாம் என்று ஓயாமல் பேசி, தீவின் அதிகாரிகளையும் சம்மதிக்க வைத்தார். 1992-ல் சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் சொன்னபடிதான் தீவு இன்றும் பெரும்பாலும் இருக்கிறது.

தங்கிய இடத்தைப் பற்றி நல்லதும் குறையும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். சமையலறையோடு கூடிய வீடு, கடல் தெரியும் என்று போட்டிருந்தார்கள். மாடத்தின் ஓரத்தில் நின்று கழுத்தை நீட்டினால்தான் தெரிந்தது. மூன்று பேருக்கு இரண்டு துண்டு. குளியலறை வடிகாலில் பழைய முடி. என் பிரிவில் அப்படி ஓர் அறையை நான் ஒப்படைத்திருக்க மாட்டேன். ஆனால் விரிப்பு மொடமொடவென்று இஸ்திரி போட்டு, மூலை மடிப்பு பிசகாமல் இருந்தது. சுத்தம் செய்ய வந்த பெண்ணிடம் பேச எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. அவர் தள்ளுவண்டியில் இருந்த அறைப்பட்டியலைப் பார்த்தேன், ஒரே ஆளுக்கு அவ்வளவு வீடு. அதற்குப் பிறகு முடியைப் பற்றிப் புகார் கொடுக்க மனம் வரவில்லை. துண்டு மட்டும் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஸ்பெயினில் விடுதி அறை சுத்தம் செய்யும் பெண்கள் 'லாஸ் கெல்லிஸ்' என்ற பெயரில் ஒன்று சேர்ந்து, கூலிக்காகவும் வேலைப்பளுவைக் குறைக்கவும் போராடுகிறார்கள். 'சுத்தம் செய்கிறவர்கள்' என்பதற்கான ஸ்பானிய வார்த்தைகளிலிருந்து வந்த பெயர். 2024 ஏப்ரலில் கேனரி தீவுகள் முழுக்க மக்கள் தெருவில் இறங்கினார்கள், சுற்றுலாவால் வாடகை ஏறி உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைக்கவில்லை என்று. போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். கிளம்பும் நாளில் சுத்தம் செய்கிறவருக்காக அறையில் ஏதாவது பணம் வைத்துவிட்டு வாருங்கள். நான் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

எரிமலை பார்க்க ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். திமான்ஃபாயா தேசியப் பூங்கா பிளாயா பிளாங்காவிலிருந்து காரில் அரை மணி நேரம். 1730 செப்டம்பரில் பூமி பிளந்து, 1736 வரை ஆறு வருடம் நெருப்புக் கக்கியிருக்கிறது. தீவில் நாலில் ஒரு பங்கு எரிமலைக் குழம்புக்கு அடியில் போய்விட்டது. யைசா ஊர்ப் பாதிரியார் ஒருவர் அப்போது கண்ணால் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். நுழைவுச்சீட்டிலேயே பேருந்துச் சுற்றும் சேர்ந்திருக்கிறது, நடுவில் இறங்க விட மாட்டார்கள். பேருந்து திரும்பும் இடத்தில் ஊழியர் ஒருவர் காய்ந்த புதரைக் குழியில் போட்டார், தானாகவே தீப்பிடித்தது. குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார், அடுத்த நொடி ஆவியாகச் சீறிக்கொண்டு மேலே அடித்தது. அங்கிருக்கும் உணவகத்தில் கோழியைப் பூமிச் சூட்டிலேயே வாட்டுகிறார்கள். சீக்கிரம் போய்விடுங்கள், நேரமானால் கார் வரிசை நீண்டுவிடும்.

திரும்பும் வழியில் லா ஹெரியா. என் மனதில் அதிகம் தங்கியது இதுதான். சாம்பல் மூடிய நிலத்தை அந்த விவசாயிகள் கைவிடவில்லை. கறுப்பு மணலைத் தோண்டி, அடியில் புதைந்த பழைய மண் வரை குழி வெட்டி, குழிக்கு ஒரு திராட்சைக் கொடி வைத்திருக்கிறார்கள். காற்றைத் தடுக்க ஒவ்வொன்றுக்கும் அரைவட்டமாகக் கல் சுவர். மழை அரிது. ராத்திரி ஈரத்தை அந்தக் கறுப்பு மணலே உறிஞ்சிப் பிடித்து வேருக்குக் கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை. என் தாத்தா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டுக்குப் பின்னால் போட்ட சின்னக் காய்கறிப் பாத்தி ஞாபகம் வந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

சாப்பாட்டுக்கு நமக்குக் கவலை வேண்டாம். பாப்பாஸ் அருகாதாஸ் என்று சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு ஏகப்பட்ட உப்புத் தண்ணீரில் வேக வைத்து, தண்ணீர் வற்றித் தோல் சுருங்கி உப்புப் பூக்கும் வரை விடுகிறார்கள். தொட்டுக்கொள்ள மோகோ. சிவப்பில் பூண்டு, மிளகாய், சீரகம். பச்சையில் கொத்தமல்லி. முதல் வாயிலேயே நம் வீட்டுத் துவையல் என்று சொல்லிவிட்டேன். ஒரு தட்டு 6 யூரோ, நம் காசுக்குக் கிட்டத்தட்ட 28 வெள்ளி (ரிங்கிட்). கோஃபியோ என்பது வறுத்துத் திரித்த தானிய மாவு, சத்துமாவு மணம் அப்படியே. கடையில் பொட்டலமாக விற்கிறார்கள். காலையில் பாலில் கலக்கிப் பசியாறினோம். கடலோர உணவகங்களில் மீன் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விலைக்குத் தகுந்த அளவு இல்லை. நாங்கள் பாதி நாள் வீட்டிலேயே சோறு வடித்துக்கொண்டோம்.

அப்புறம், காற்றும் தண்ணீரும். பிப்ரவரியில் வெயில் பளிச்சென்று அடிக்கும், உடம்பில் சூடு தெரியாது. காற்று ஏமாற்றிவிடும், எனக்கு மூக்குத் தோல் உரிந்தது. சாயங்காலம் கம்பளிச் சட்டை கட்டாயம். கடல் நம் பினாங்குக் கடல் போல வெதுவெதுப்பு இல்லை, நல்ல குளிர். பாப்பகாயோ கடற்கரைக்கு மரினாவிலிருந்து படகில் போனோம், குன்றுகளுக்கு நடுவே பிறை மாதிரி மணல், அடி வரை தெரியும் தண்ணீர். மகள் நீந்தினாள், நான் முழங்கால் வரைதான். ஆறும் ஏரியும் இல்லாத தீவு, குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். 1960களிலிருந்தே இப்படித்தானாம். அதனால் துண்டைத் தினமும் துவைக்கப் போடாதீர்கள்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இந்த ஊரைத் தாராளமாகச் சொல்வேன். கடைத்தெரு, இரவுக் கூத்து தேடும் இளையவர்களுக்கு இரண்டு நாளில் சலித்துவிடும். முடிந்தால் நடைபாதைக்கு அருகிலேயே வீடு எடுங்கள். எங்களுடையது மேட்டில் இருந்தது, திரும்பி ஏறும்போது அவர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

ஊருக்கு வடக்கே ஹனூபியோ உப்பளம் இருக்கிறது. அந்த உப்பில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சந்தையில் சின்ன உருளைக்கிழங்காகப் பொறுக்கி, அந்த உப்புப் போட்டு வற்ற வைத்தேன். தோல் சுருங்கியது, உப்பும் பூத்தது. மோகோவுக்குக் காய்ந்த மிளகாயும் பூண்டும் சீரகமும் அம்மியில் அரைத்தேன். அவர் இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.